ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கிட்டே வேலை பார்க்கலாம்... 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா யாருக்குக் கிடைக்கும்?

ஒரு வருஷம் ஊர் சுற்றணும், செலவுக்கு அங்கேயே வேலையும் பார்த்துக்கணும் என நினைக்கும் இளைஞர்களுக்கானது ஆஸ்திரேலியாவின் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா (சப்கிளாஸ் 462). இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்கு இதில் இடம் உண்டு.

யாருக்கு?

வயது 18 முதல் 30 வரை. பள்ளிப் படிப்புக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு மேற்படிப்பு, ஓரளவு ஆங்கிலம், கையிருப்பாகச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர், ஊர் திரும்ப டிக்கெட் செலவு ஆகியவை வேணும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல முடியாது.

எப்படி?

முதலில் ஆன்லைன் குலுக்கலில் பதிவு செய்யணும். இந்தியர்களுக்கான முதல் பதிவு 2024 அக்டோபரில் நடந்தது. அப்போது கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. பெயர் வந்தாலே விசா கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. 28 நாளுக்குள் தனிக் கட்டணம் செலுத்தி விசாவுக்கு விண்ணப்பிக்கணும்.

எவ்வளவு நாள்?

12 மாதம். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம்தான் வேலை பார்க்கலாம். 4 மாதம் வரை படிக்கவும் செய்யலாம்.

உஷார்!

குலுக்கலில் பெயரைத் தேர்வு செய்வது கம்ப்யூட்டர். 'லட்ச ரூபாய் கொடுங்க, உங்க பெயரை வர வைக்கிறோம்' என எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீங்க. விசா கைக்கு வரும்வரை, இருக்கிற வேலையையும் விட்டுடாதீங்க.