வேலைக்கு உலை வைக்கும் மறதி!
சோம்பேறித்தனம் அல்ல, கவனக் கோளாறு

தண்டலம் பக்கம் ஷிப்டு பஸ் ஹாரன் அடிக்கிறது. ஐ.டி. கார்டைக் காணோம்! சூப்பர்வைசர் சொன்ன வேலையும் மறந்து போச்சு. "சோம்பேறிப் பயல்" என்று ஏச்சு, மெமோ!

சிலருக்கு இது சோம்பல் அல்ல, "ஏ.டி.எச்.டி." என்ற கவனக் கோளாறு. சிறு வயதில் தொடங்கி, பலருக்குப் பெரியவரான பிறகும் விடாது. எல்லா மறதியும் இதுவல்ல. டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை உண்டா? உண்டு. டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, பழக்கத்தை மாற்றும் பேச்சு சிகிச்சை. வீட்டில் சாவி, கார்டு எல்லாம் ஒரே ஆணியில்; வேலைகள் ஒவ்வொன்றாகச் சீட்டில்; செல்போனில் அலாரம்.

தண்டலம் சவீதா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" 14416-க்கு இலவசமாகப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம்.

ஏசுவதை விடுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!