ஸ்பிரிங்க்ளர் எந்த வீட்டில் இருந்தாக வேண்டும்?

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். 24 மாடிகள் கொண்ட அந்தக் கட்டடத்தில், தண்ணீர் தெளித்துத் தீயை அடக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. சமையலறையில் பற்றிய தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த எரியக்கூடிய பலகைகள் வழியே மேலேறியது. சுவருக்கு வெளியே ஓடும் தீயை ஸ்பிரிங்க்ளர் தடுக்காது என்பது உண்மை. ஆனால் அறைக்குள் தொடங்கும் தீயை அங்கேயே மட்டுப்படுத்த அதுதான் நல்ல துணை.

இங்கிலாந்தில் 30 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட புதிய அடுக்குமாடிகளுக்கு மட்டும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயமாக இருந்தது; அந்த உயர வரம்பு 2020 நவம்பர் 26 முதல் 11 மீட்டராகக் குறைந்தது. உச்சி மாடியின் தரைவரைதான் அளப்பார்கள், கூரைவரை அல்ல. 11 மீட்டர் என்பதை ஏறக்குறைய ஐந்து மாடிக் கட்டடம் என்று கொள்ளலாம். 2025 மார்ச் முதல் புதிய முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் கட்டாயம். வேல்ஸில் 2016 முதல் தனி வீடு உட்பட எல்லாப் புதிய வீடுகளுக்கும், ஸ்காட்லாந்தில் 2021 மார்ச் முதல் எல்லாப் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கும் உண்டு.

கவனியுங்கள், எல்லாமே புதிய கட்டடங்களுக்குத்தான். 2009-இல் லண்டனின் லக்கனல் ஹவுஸ் அடுக்குமாடியில் ஏற்பட்ட தீயில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தபின், பழைய உயர்மாடிகளிலும் ஸ்பிரிங்க்ளர் பொருத்த ஊக்குவிக்க வேண்டுமென்று மரண விசாரணை அதிகாரி 2013-இலேயே பரிந்துரைத்தார். இங்கிலாந்தின் பழைய அடுக்குமாடிகளுக்குப் பொதுக் கட்டாயம் இன்னும் வரவில்லை. கட்டிய ஆண்டை வைத்து உயிருக்கு மதிப்புப் போடுவது அநியாயம். பழைய கவுன்சில் கட்டடங்களில் நம்மவர்களும் குடியிருக்கிறார்கள்.

தாளித்த புகைக்கே வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கொட்டாது. ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. வீடுகளில் பொதுவாக 68 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது உடையும். சூடு பட்ட முனை மட்டுமே திறக்கும். அதன்மேல் பெயின்ட் பூசாதீர்கள், தோரணம் கட்டாதீர்கள்.

வீடு வாங்கும்முன், வாடகைக்குப் போகும்முன், கட்டடம் எந்த ஆண்டு கட்டியது, ஸ்பிரிங்க்ளர் உண்டா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் பொதுப் படிக்கட்டுள்ள கட்டடமானால், தீ ஏற்பட்டால் என்ன செய்வது என்ற அறிவுறுத்தலைக் குடியிருப்போருக்குத் தருவது பொறுப்பாளரின் சட்டக் கடமை. வாடகை வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இல்லாவிட்டாலும், ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருந்தாக வேண்டும். பொறுப்பாளர் அசையாவிட்டால், படிக்கட்டு, நடைவழிக் குறைகளை உள்ளூர்த் தீயணைப்புச் சேவையிடமும், வீட்டுக்குள் உள்ளவற்றைக் கவுன்சிலிடமும் முறையிடலாம். அனுப்பும் கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.