பொரி இடும் புண்ணியம்

திருக்குளத்து மீன்களுக்குப் பொரி இடுவது தமிழகத் திருக்கோயில்களில் வழிவழியாக வரும் வழக்கம். வாயில்லா ஜீவனுக்கு உணவளிக்கும் அக்கருணை, நீரின் இயல்பை அறிந்து செய்யும்போதே முழுமை பெறும்.

சிதம்பரத்தில் சிவகங்கைத் தீர்த்தத்தில் நீராடிய சிங்கவர்மன் பொன்மேனி பெற்று இரணியவர்மன் ஆனான் என்பது கோயிற்புராணம் கூறும் வரலாறு. அத்தகைய தீர்த்தங்களில் வாழும் மீன்களுக்கு நீரே மூச்சு.

மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் எஞ்சிய பொரி அழுகும்போதும் அதே நஞ்சு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, ஆகவே தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. கழிவு மிகுந்தால் பாசி பெருகும். பாசி பகலில் பிராணவாயுவைத் தந்தாலும் இரவில் அதையே உட்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அன்று, மூச்சுத்திணறலாக இருக்கலாம். ஒரு கைப்பிடி பொரி போதும். பிளாஸ்டிக் பையையும் விளக்கு எண்ணெயையும் குளத்தில் சேர்க்கலாகாது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பேரக்குழந்தைகள் விரும்பி வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் இதே நியதிதான். சத்தியவிரதனின் கமண்டலத்தில் அடங்காத மச்சமூர்த்தி மேலும் மேலும் பெரிய நீர்நிலையைக் கேட்டதாகப் பாகவதம் உரைக்கும். சிறு தொட்டியில் மீன்களை நெருக்கி அடைத்தல் ஆகாது. அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே போதும். இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவு இடவேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றவேண்டும். முழுவதையும் மாற்றினால் மீன்கள் அதிர்ச்சியால் மடியக்கூடும். குழாய் நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளை அரிக்கும். எனவே அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். நேர்வெயில் படும் ஜன்னலோரம் தொட்டிக்கு உகந்த இடம் அன்று.

வளர்க்க இயலாத மீனைக் கோயில் குளத்தில் விடுவதைச் சிலர் புண்ணியமாகக் கருதுகின்றனர். பாசியைத் தின்னும் என்று தொட்டிக்கு வாங்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. குளத்தில் விட்டால் பெருகி, நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கும். அத்தகைய மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுப்பதே குளத்து உயிர்களுக்குச் செய்யும் தருமம்.