வாடகைக்கு விட வீடு வாங்குவதென்றால் காசு எங்கே எடுப்பது?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் வாடகை வீட்டுக்கு எப்போதும் கேள்வி உண்டு. பல்கலைக்கழகம் அருகில் இருப்பதே முதற் காரணம். அங்கே ஒரு வீட்டை வாங்கிவிட்டால் வங்கிக் கடனை வாடகையே கட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

வீட்டின் விலை 2 கோடி ரூபாய், மாத வாடகை 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி விலையை, அதாவது 1 கோடியை, 12 வீத வட்டிக்கு 20 வருடத் தவணையில் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 1,10,000 ரூபாய் கட்டவேண்டும். வாடகை போக 50,000 ரூபாய் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு சில மாதம் வெறுமையாகக் கிடக்கும், கூரை ஒழுகும், கிணற்று மோட்டர் பழுதாகும். இவற்றுக்கெல்லாம் வாடகையில் காற்பங்கை ஒதுக்கினால் கையில் நிற்பது 45,000. அந்தத் தொகை தாங்கக்கூடிய கடன் சுமார் 40 இலட்சம் மட்டுமே. மீதி சொந்தக் காசாக இருக்கவேண்டும்.

வட்டி மாறும் கடனா, மாறாத கடனா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள். 2022இன் பிற்பகுதியில் வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியே 25 வீதத்தைத் தாண்டியது. மேலே சொன்ன 1 கோடிக் கடனுக்கு வட்டி 24 வீதமானால் தவணை 2 இலட்சத்தைத் தாண்டும். தவணை தவறினால் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த ஆதனத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. முதல் சில வருடங்களுக்கு மட்டும் வட்டி மாறாது என்றால், எத்தனை வருடம், அதன் பின் எந்த அடிப்படையில் மாறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் கடன் தடைப்படுவது பெரும்பாலும் உறுதியில்தான். நாலு பரப்புக் காணிக்கு ஆறு பங்காளிகள் இருப்பார்கள். இரண்டு பேர் கனடாவில், ஒருவர் லண்டனில். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்னீட்டுரிமைச் சட்டம் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் நீங்கள் வாங்கினால், வழக்குப் போட்டுக் காணியைத் தம் பக்கம் எடுக்க வழியுண்டு. சீதன உறுதியில் வந்த காணி என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். மணமான பெண் அசையா ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. பழைய உறுதிகளில் அந்தச் சம்மதம் உண்டா என்று சட்டத்தரணி தேடுவார். முற்பணம் கொடுக்கமுன் இவற்றை முடியுங்கள். முத்திரை வரியையும் மறக்கவேண்டாம்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 2 கோடி வீட்டுக்கு அது மட்டும் 8 இலட்சத்துக்குக் கிட்ட வரும்.

வங்கிக்கு வெளியே எங்கள் ஊருக்கே உரிய வழி ஒற்றி. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையிலேயே அது இருக்கிறது. காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டின் பயனை எடுப்பார். காசைத் திருப்பிக் கொடுத்தால் வீடு மீளும். வாங்கிய வீட்டை 30 இலட்சத்துக்கு ஒற்றிக்குக் கொடுத்தால் மாதத் தவணையும் இல்லை, வாடகையும் இல்லை. அந்தக் காசு பழைய கடனை அடைக்க உதவும். விலைவாசி ஏறும் காலத்தில் இது வீட்டுக்காரருக்கே இலாபம்: 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது, ஒற்றிக் காசோ அதே தொகையாகவே திரும்பியது. ஆனால் மீட்கும் நாளில் முழுத் தொகையும் வேண்டும். ஒற்றியை நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். ஒற்றி ஏறிய வீட்டை வங்கிகள் ஈட்டுக்கு ஏற்கத் தயங்கும். ஏற்கெனவே ஈடு வைத்த வீட்டை வங்கிக்குத் தெரியாமல் ஒற்றிக்குக் கொடுப்பது வில்லங்கம்.

சீட்டு, கைமாற்று எல்லாம் உறுதிச் செலவு, வர்ணப்பூச்சு போன்ற சிறு தேவைக்கு மட்டும். இருபது வருடச் சொத்தை இரண்டு வருடச் சீட்டில் வாங்க முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. அதைச் சுற்றிப் போவதற்காக மருமகன் பேரில், தங்கை பேரில் எழுதும் வீடு சட்டப்படி அவர்களுடையதே. காசை உரிய வங்கிக் கணக்கின் வழியே அனுப்பிப் பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். பிறகு விற்று எடுத்துப் போகும்போது அவை வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வீடு வாங்குவதைவிடத் தெளிவான உறுதியுள்ள சொந்தக் காணியில் மேல்மாடியோ இணைப்பு வீடோ கட்டுவது நல்லது. காணி விலையும் முத்திரை வரியும் மிஞ்சும், கடனும் சிறிதாகும். வங்கிக்குப் போகமுன் உறுதியையும் காணிப் பதிவகப் பிரதியையும் உங்களுக்கு நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.