பையன் விளையாட்டு, பெண் விளையாட்டு

வீடியோ கேம் என்பது திரையில் ஆடும் விளையாட்டு. கார் ஓட்டலாம். எதிரியைச் சுடலாம். இன்று செல்போனிலேயே ஆடுகிறார்கள். தம்பி ஆடினால் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. அக்கா எடுத்தால் உடனே ஒரு குரல் வரும்: "பொம்பளப் பிள்ளைக்கு இந்தச் சுடுற விளையாட்டு எதுக்கு?"

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது?

1978-இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. வானத்திலிருந்து இறங்கும் எதிரிகளைச் சுட வேண்டும். அப்போது கடைகளில் பெரிய பெட்டிகள் இருக்கும். காசு போட்டால் ஆடலாம். அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

நாம்கோ என்ற கம்பெனியில் டோரு இவதானி என்ற இளைஞர் வேலை பார்த்தார். பெண்களும் இந்தக் கடைகளுக்கு வர வேண்டும் என்று அவர் நினைத்தார். சுடுவதை விட்டுவிட்டு, சாப்பிடுவதை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கினார். ஒரு மஞ்சள் வட்டம். அதற்கு வாய் மட்டும் உண்டு. வழியில் உள்ள புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும். 4 பேய்கள் துரத்தும். பேய்களுக்கும் அழகான நிறங்கள்! 1980-இல் வந்த இந்த விளையாட்டின் பெயர் 'பேக்மேன்'.

பெண்களுக்குச் சாப்பாடு பிடிக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆண்களுக்கு மட்டும் பசிக்காதா என்ன? அதை விடுங்கள். பேக்மேனை ஆணும் ஆடினார்கள், பெண்ணும் ஆடினார்கள். 1982-இல் அமெரிக்காவில் 'மிஸ் பேக்மேன்' வந்தது. அதே மஞ்சள் வட்டம், தலையில் சிவப்பு ரிப்பன்.

சரி, சுடும் விளையாட்டு பெண்களுக்கு ஆகாதா? 1981-இல் வந்த 'சென்டிபீட்' விளையாட்டில் பூரானைச் சுட வேண்டும். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி என்ற பெண். 1982-இல் வந்த 'ரிவர் ரெய்ட்' விளையாட்டில் ஆற்றின் மேல் விமானம் பறக்கும். கப்பலையும் பாலத்தையும் சுட வேண்டும். அதை உருவாக்கியவர் கரோல் ஷா. அவரும் பெண்தான்.

பிறகு நிலைமை மாறியது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. மட்டமான விளையாட்டுகள் கடைகளில் குவிந்து கிடந்தன. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே பயந்தார்கள். 1985-இல் நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனி அங்கே போனது. தன் பெட்டியோடு ஒரு ரோபோ பொம்மையைச் சேர்த்து, விளையாட்டுச் சாமான் என்று சொல்லி விற்றது. பொம்மைக் கடையிலோ பையன்களுக்கு ஒரு பக்கம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். வீடியோ கேம் பையன்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. விளம்பரங்களிலும் பையன்களே அதிகம். 1989-இல் வந்த கையடக்கப் பெட்டிக்குப் பெயரே 'கேம் பாய்'! பாய் என்றால் பையன்.

1996-இல் பெண் பிள்ளைகளுக்கென்று ஒன்று வந்தது. பார்பி பொம்மைக்குக் கம்ப்யூட்டரில் உடை வரைந்து அச்சடிக்கலாம். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. பெண் பிள்ளைகளுக்கும் ஆட ஆசை உண்டு என்பது கடைக்காரர்களுக்குப் புரிந்தது. ஆனால் அவளுக்கு உடை, அவனுக்குச் சண்டை என்ற கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

நம் நாட்டில் செல்போன் யார் கையில் இருக்கிறது? 2019-21-இல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் 100-க்குச் சுமார் 54 பேர். மற்றவர்கள் கணவரிடமோ அண்ணனிடமோ கேட்டு வாங்க வேண்டும்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது வேறு கேள்வி. அளவு வைக்க வேண்டியதுதான். ஆனால் பல வீடுகளில் அளவு ஒருத்திக்கு மட்டும். தம்பி தினமும் 2 மணி நேரம் பழகுகிறான். அக்காவுக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவிய பிறகு 10 நிமிடம். அதில் அவள் தோற்றால், "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிப் போனை வாங்கி வைக்கிறார்கள்.