மூச்சு வாங்கும்வரை காத்திருக்காதீர்கள்

மயிலாப்பூர், தி.நகர் பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் இல்லாதவை நிறைய. மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கினால், நெஞ்சை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றும். அம்மா தூக்கிக்கொண்டு ஏறும் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. டூஷேன் தசைச் சிதைவு நோயில் இதயப் பழுது பிந்தித் தெரியவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய் இது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால், தசை இயங்க இயங்கச் சேதமாகி, கொழுப்பும் நார்த்திசுவுமாக மாறிவிடுகிறது. மூன்று, நான்கு வயதில் பிள்ளை அடிக்கடி விழுவான். தொடையில் கையூன்றி எழுவான். கெண்டைக்கால் திரண்டிருப்பதைப் பார்த்துப் பாட்டி பூரித்துப்போவாள். 12 வயதுவாக்கில் வீல்சேர். வீட்டார் கவனமெல்லாம் காலிலேயே இருக்கும். இதயமும் தசைதானே! பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் பலவீனமாகிறது. செயற்கைச் சுவாச உதவியால் இன்று பலர் முப்பதைத் தொடுகிறார்கள். அவர்களுக்கு முதல் அச்சுறுத்தலே இதயம்தான்.

அறிகுறிகளும் ஏமாற்றும். வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை, எடைக் குறைவு, தூக்கமின்மை. ஓம வாட்டர் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம்.

நோய் உறுதியான உடனேயே ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எக்கோ சரியாக இருந்தாலும் பத்து வயதுக்குள் ஏ.சி.இ. தடுப்பான் மாத்திரையைத் தொடங்கலாம் என்கின்றன 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள். எனலாப்ரில் போன்ற, ரத்த அழுத்தத்துக்குத் தாத்தாக்கள் விழுங்கும் அதே வகை மாத்திரை. கோடிகளில் பேசப்படும் மரபணு சிகிச்சையைப் பற்றி வரும் செய்திகளில் பாதியாவது இந்த மலிவு மாத்திரையைப் பற்றி வந்திருக்கலாம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தசைச் சிதைவின் மற்ற வகைகளுக்கு வேறு முகம். பெக்கர் வகையில், நடமாடிக்கொண்டிருக்கும் இளைஞருக்கே இதயம் முதலில் தளரலாம். மயோடோனிக் வகையில் இதயத்தின் மின்னோட்டம் தடைபடும். மயக்கம் வந்தால் அலட்சியம் கூடாது, பேஸ்மேக்கர் தேவைப்படலாம். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். சக்சினைல்கோலின் என்ற மருந்து டூஷேன் பிள்ளைகளின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.

சட்டமன்றத்துக்காகக் கட்டப்பட்டு, 2014இல் மருத்துவமனையான அண்ணா சாலை ஓமந்தூரார் வளாகத்தில் நரம்பியல், இதயவியல் இரண்டும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் இரு துறையினரும் ஒரே நாளில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஏற்பாடு செய்தால், பெற்றோருக்கு ஓர் ஆட்டோச் செலவும் ஒரு நாள் சம்பளமும் மிச்சமாகும். தசைச் சிதைவு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தரும் தமிழக அரசு, ஆண்டுக்கொரு எக்கோவையும் அதோடு சேர்க்கலாம்.

'சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால்தான்' என்று தாயைக் குத்துபவர்களுக்கு ஒரு தகவல்: டூஷேனுக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு மரபணுப் பிழை புதிதாக உண்டாகிறது. மற்றவர்களின் தாய்மார் அந்தப் பிழையைச் சுமப்பவர்கள். அவர்களில் சிலருக்கும் இதயம் பலவீனப்படும். பிள்ளையைத் தூக்கித் தூக்கித்தான் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா, மகனுக்கு எக்கோ எடுக்கும் அன்றே உங்களுக்கும் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.