சேர்ந்த மறுநாளே பில் கவுன்ட்டர்... சொல்லித் தராத வேலையால் யாருக்கு நஷ்டம்?

“இது ஒரிஜினல் பட்டுதானாம்மா? துவைச்சா சாயம் போகுமா?” ஜவுளிக்கடைகளில் தினமும் கேட்கும் கேள்விகள் இவை. பல நேரங்களில் எதிரே நிற்கும் பெண்ணிடமிருந்து வரும் பதில், “இருங்க மேடம், அக்காவைக் கூப்பிடுறேன்” என்பதுதான். ‘வேலை தெரியாதவங்களை எல்லாம் நிறுத்தி வெச்சிருக்காங்க’ என்று முணுமுணுத்தபடி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு யாராவது வேலையைச் சொல்லிக் கொடுத்தார்களா என்று நாம் யோசிப்பதில்லை.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என சீசன் நெருங்கும்போதுதான் பல கடைகளில் ஆள் எடுக்கிறார்கள். கூட்டம் அலைமோதும் நேரத்தில் கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? யூனிஃபார்மைக் கையில் கொடுத்து, “அந்த அக்கா கூட நின்னு பார்த்துக்கோ” என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அந்த அக்காவுக்கோ அன்றைய விற்பனை டார்கெட் தலைக்கு மேல் இருக்கும். அவருக்கும் யாரும் முறையாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் வேலையோடு சேர்ந்து தவறுகளும் கைமாறுகின்றன.

பார்க்கத்தான் சுலபம்

கடை வேலை என்றால் எடுத்துக் காட்டுவது, மடித்து வைப்பது, பில் போடுவது, அவ்வளவுதானே என்று தோன்றும். உள்ளே போனால்தான் தெரியும். ஒரே பொருள் இரண்டு முறை ஸ்கேன் ஆகிவிட்டால் எப்படி நீக்குவது? பாதிப் பணம் ரொக்கமாகவும் மீதி யு.பி.ஐ-யிலும் வந்தால் எப்படிப் பதிவது? ரேக்கில் ஒட்டியிருக்கும் ஆஃபர் விலையும் கம்ப்யூட்டர் காட்டும் விலையும் வேறு வேறாக இருந்தால் என்ன செய்வது?

சூப்பர் மார்க்கெட்டில் பழைய சரக்கு முன்னாலும் புதிய சரக்கு பின்னாலும் இருக்க வேண்டும். இதைச் சொல்லித் தராவிட்டால், புதிதாகச் சேர்ந்த பையன் வந்த பெட்டியை அப்படியே முன்னால் அடுக்குவான். பின்னால் இருக்கும் பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் காலாவதியாகும்.

நகைக்கடை என்றால் ஹால்மார்க் நகையில் உள்ள ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் கட்டாயம். பட்டுப் பிரிவில் நிற்பவருக்கு, தூய பட்டுக்கான ‘சில்க் மார்க்’ அடையாளத்தைக் காட்டி விளக்கத் தெரிய வேண்டும்.

திட்டு வாங்குவது யார்?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆனால், ஊழியருக்குக் கற்றுத்தரப்படுவதோ “விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்லிடு” என்ற ஒற்றை வரிதான். அதனால் வரும் சண்டையையும் அவரேதான் சமாளிக்க வேண்டும்.

“கஸ்டமர் முன்னாடி உட்காரக் கூடாது” என்பதும் முதல் நாளே சொல்லப்படும் பாடங்களில் ஒன்று. ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

பெரிய அடி, கல்லாவில் பணம் குறையும்போதுதான். “உன் சம்பளத்துல பிடிச்சுக்குறோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 அப்படிச் சொல்லவில்லை. இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டிருந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் அவர் விளக்கத்தையும் கேட்க வேண்டும். கற்றே தராத வேலையில் நடந்த தவறை, கவனக்குறைவு என்று சொல்வது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை

கடை விற்பனையாளர், கேஷியர் போன்ற வேலைகளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சில்லறை வணிகத்துக்கான திறன் கவுன்சில் ஏற்கெனவே வரையறுத்து வைத்திருக்கிறது. தொழில் பழகுநர் விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். அவர்களின் உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசே தருகிறது.

சின்னக் கடைகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். சீசனுக்கு ஒரு வாரம் முன்பே ஆள் எடுத்து, கூட்டமில்லாத காலை நேரத்தில் மாதிரி பில் போட்டுப் பழக்கலாம். கற்றுக்கொடுக்கும் சீனியரின் டார்கெட்டை அந்த வாரம் குறைக்கலாம். ‘தெரியலை, கேட்டுச் சொல்றேன்’ என்பது குற்றமில்லை என்று புதியவருக்குத் தைரியம் சொல்லலாம். அனுபவசாலி ஒருவர் வேலையை விட்டுப் போவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் கவனத்துக்கு...

* கல்லாவைப் பொறுப்பேற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் இன்னொருவர் முன்னிலையில் பணத்தை எண்ணி, குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.
* உங்கள் லாகின், பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். மற்றவர் லாகினில் நீங்களும் பில் போடாதீர்கள்.
* பில்லை ரத்து செய்யும் சூழல் வந்தால் சூப்பர்வைசரை அழைத்து, அவர் முன்னிலையில் செய்யுங்கள்.
* சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று: பில்லில் தவறு, காலாவதிப் பொருள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். எதிரே நிற்கும் பெண்ணிடம் கத்துவதைவிட அதற்குப் பலன் அதிகம்.